பால் பாலாகவே இருந்த கோடை

"நாலு நாளாச்சுடி, பாலு பாலாவே இருக்கு. அதுக்கு வயசே ஆக மாட்டேங்குது."

மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஒருத்தி இன்னொருத்தியின் காதில் இதைச் சொன்னாள். மிளகாய் நெடிக்கும் மோட்டார் சத்தத்துக்கும் நடுவே அது என் காதிலும் விழுந்தது. உடனே எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் ஞாயிற்றுக்கிழமை உறை ஊற்றி மூடி வைத்திருந்த பாத்திரம் நினைவுக்கு வந்தது. அதுவும் பாலாகவே இருந்தது. அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை, நானும் அம்மாவிடம் கேட்கவில்லை. பால் உறையாத வீட்டில் பெண்களின் கை சரியில்லை என்று ஆனைவாரிப்பட்டியில் ஒரு நினைப்பு உண்டு என்பதால், முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் நான்கு நாட்களாக ஒரே பொய்யைத் தனித்தனியாகக் காத்து வந்தன.

மில்லில் உடைந்த பொய் மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் நிம்மதி வந்தது, நிம்மதி வந்த மூன்றாம் நாள் பெருமையும் வந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் வெட்கம் பெருமையாக மாறுவதற்கு அதற்கு மேல் நாள் பிடிக்காது. பால் உறையவில்லை, புளிக்கவில்லை, திரியவும் இல்லை. பங்குனி வெயிலில் வாசலில் வைத்தாலும் கறந்த நேரத்து வாசனையோடு அப்படியே இருந்தது. அது ஊரின் சுத்தம் என்றார் பால் சங்கத் தலைவர் வீரபத்திரன். மறுநாளே பேருந்து நிறுத்தத்தில் 'கெடாத பால் தந்த மண்' என்று ஒரு பேனர் எழுந்தது. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட வீரபத்திரனும், அவரைச் சுற்றி நாற்பத்திரண்டு தலைகளும், மூலையில் இடம் இருந்தால் இருக்கட்டும் என்பது போல ஒரு மாடும் இருந்தன.

பிறகு வெயில் ஏறியது. மோர் இல்லாத வயிறுகள் எரிந்தன, ஊறுகாய் தொட்டுக்கொள்ளத் தயிர்ச்சோறு இல்லாத மதியங்கள் நீண்டன, மோர்க்குழம்பு என்ற சொல்லைக் கேட்டாலே சில ஆண்களுக்குக் கண் கலங்கியது. டவுனுக்குப் போய்ப் பாக்கெட் தயிர் வாங்கி வந்தார்கள். பேருந்து ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டும் வரை பாக்கெட்டுக்குள் கெட்டியாக இருந்த தயிர், பாலத்தைத் தாண்டியதும் மெல்லத் தளர்ந்து, இறங்கும்போது பாலாகிவிட்டது. நடத்துநர் ஒருநாள் ஆத்திரத்தில், "உங்க ஊரு எல்லையில தயிருக்கும் டிக்கெட் கிழிக்கணுமாய்யா?" என்று கேட்டார்.

பால் சங்கத்தில் பாலைச் சோதிக்கும் வேலை எனக்கு. முன்வாசலில் ஓர் எஃகுத் தொட்டி. ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து, நான் அளவியைப் போட்டுப் பார்த்த பிறகு, தங்கள் பாலைத் தாங்களே அதில் ஊற்றுவார்கள். பின்பக்கம் ஒரு ஜன்னல், அதற்குக் கீழே சிவப்பு நூல் கட்டிய ஓர் அலுமினிய கேன். காலனிப் பால் அதில். இரண்டு பாலும் ஒரே வண்டியில் ஏறி, டவுனில் ஒரே பெரிய தொட்டியில்தான் கொட்டப்பட்டன. அது எல்லாருக்கும் தெரியும். ஊருக்குள் கலக்காமல் இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. எல்லைக்கு அப்பால் நடப்பது எதுவும் எங்கள் ஊரைச் சேராது.

ஜன்னலுக்குப் பதினோரு வருடமாகப் பால் கொண்டுவந்தவள் அமலோற்பவம். இரண்டு மாடுகள், எட்டாம் வகுப்பு வரை படிப்பு, தண்ணீர் கலக்காத பால். ஒவ்வொரு தை மாதமும் அவள் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவாள்: தன்னை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், முன்வாசல் தொட்டியில் தன் பாலைத் தன் கையால் ஊற்ற விட வேண்டும். இரண்டே வரி. ஒவ்வொரு மாசியிலும் 'பரிசீலனையில்' என்று பதில் போகும். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. ஊர்ப்பெண் காலனிப்பெண்ணை அக்கா என்று சொல்லக்கூடாது, என் அம்மா வயதுக்கு நெருங்கியவளைப் பேர் சொல்லி அதட்டவும் எனக்கு வாய் வராது. அதனால் இரண்டு வருடமாக நான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பால் உறையாமல் போனபோது காலனியிலும் உறையவில்லை. ஆனால் அங்கே யாரும் அதை மூடி மறைக்கவில்லை. உறைமோர் கெட்டுப்போயிருக்கும், வேறு வீட்டில் வாங்கிப் பார்க்கலாம் என்று அமலோற்பவம் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு, தலைவர் வீட்டுக் கொல்லைக்கே போய் நின்றாள். வீரபத்திரனின் மனைவி குருவம்மாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு கரண்டி உறைமோர் குடு தாயி. ஊத்திப் பாத்துட்டுத் திருப்பித் தந்துடுறேன்."

"விளக்கு வச்சாச்சு" என்றாள் குருவம்மாள்.

அந்தியில் விளக்கு ஏற்றிய பிறகு பாலும் மோரும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அமலோற்பவம் கிழக்கே பார்த்தாள். சூரியன் பனைமர உயரத்துக்கு வந்திருந்தது. குருவம்மாளும் கிழக்கே பார்த்தாள், பார்த்துவிட்டு ஈரச்சேலையை உதறினாள்.

"விளக்கு வச்சாச்சுங்கிறேன்ல?"

இது பிறகு ஊரில் பெரிய நகைச்சுவையாயிற்று. தொட்டி வரிசையில் நின்ற பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அமலோற்பவம் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோதும் சிரித்தார்கள். நானும் குனிந்து அளவியைப் பார்த்தபடி சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது சும்மா இருப்பது கண்ணில் படும்.

ஆனால் ஊர் வீடுகளில் பாத்திரம் துலக்குவது காலனிப் பெண்கள். பாலாகவே கிடந்த பழைய உறைப் பாத்திரங்களைக் கழுவும் முன் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து ஒருத்தி ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோனாள். அதையும் அமலோற்பவத்தின் உறைமோரையும் சேர்த்து ஊற்றினார்கள். மறுநாள் காலனியில் தயிர் இருந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதை மறுநாளுக்கு உறையாக வைத்தால் பால் உறையவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கத்து உறையும் புதிதாகச் சந்திக்க வேண்டியிருந்தது. அதனால் என்ன, பாத்திரங்கள் தினமும்தானே துலக்கப்படுகின்றன?

பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகள் தூக்குவாளியைத் திறந்த அன்றுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. தயிர்ச்சோற்று வாசனை மரத்தடியைத் தாண்டி, ஊர்ப்பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருந்த வராந்தாவுக்கு வந்தது. மாலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் ஒரே கேள்வி எழுந்தது: அவர்களுக்கு மட்டும் எப்படி?

தலைவர் என்னைக் கூப்பிட்டு, "படிச்ச பிள்ளைதானே நீ, கண்டுபிடி" என்றார்.

கல்லூரியில் கழித்துப்போட்ட ஒரு நுண்ணோக்கியை என் பேராசிரியை எனக்குக் கொடுத்திருந்தார். ஊர்ப்பாலில் ஒரு துளி, காலனிப்பாலில் ஒரு துளி, காலனித் தயிரில் ஒரு துளி என்று வைத்துப் பார்த்தேன். ஊருடையதில் மணி கோத்ததுபோல் உருண்டையான கிருமிகள் மட்டும் இருந்தன, மெலிந்து, பசியோடு. காலனியுடையதில் குச்சிபோல் நீண்டவை மட்டும் இருந்தன, அவையும் அதே பசியோடு. தயிரில் இரண்டும் இருந்தன, கொழுத்து, நெருக்கியடித்துக்கொண்டு. இரண்டாம் ஆண்டில் படித்ததுதான். உருண்டை முதலில் வளர்ந்து ஒரு சிறு புளிப்பை விடும், குச்சிக்கு அது வேண்டும். குச்சி பாலின் சத்தைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைத்து வைக்கும், உருண்டைக்கு அது வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது சோம்பிக் கிடக்கும், சேர்ந்தால் இரண்டும் பெருகும். உலகத்தில் எந்தத் தயிரிலும் இரண்டும் சேர்ந்தே இருக்க, எங்கள் ஊரில் மட்டும் அவை தெரு பிரித்துக்கொண்டு போய்விட்டன. எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டு பக்க அறிக்கை எழுதினேன்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் நின்றுகொண்டு வாசித்தேன்.

"ரெண்டு வகைங்களா?" என்றார் வீரபத்திரன். "நம்மளுது எது?"

"உருண்டைங்க."

கூட்டத்தில் ஒரு திருப்தி முனகல் எழுந்தது. "குண்டுன்னா நல்லாச் சாப்பிட்டு வளந்த உடம்பு" என்றார் ஒருவர். "குச்சியப் பாரு, பேரே குச்சி" என்றார் இன்னொருவர். இருவரும் தங்கள் தொப்பைகளைத் தடவிக்கொண்டார்கள்.

"சரி, எது மொதல்ல திங்குது?" என்று தலைவர் கேட்டார். பந்தியில் யார் முதலில் உட்கார்வது என்பதற்காகக் கோயில் திருவிழாவையே இரண்டு வருடம் நிறுத்தி வைத்த ஊர் இது. கேள்வி கேட்கப்பட்டதும் எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"குண்டுதான் மொதல்ல வளருங்க. அது விடுற புளிப்பு இருந்தாத்தான் குச்சி..."

"அப்ப நாம தின்னுட்டு மிச்சம் வச்சதத்தான் அது திங்குது!"

"ஆமாங்க, ஆனா அதுக்கப்புறம் குச்சி உடைச்சு வைக்கிறதத்தான் குண்டும்..."

"போதும் பாப்பா, போதும். தெளிவாச் சொல்லிட்ட."

யாரோ கைதட்டினார்கள். இரண்டாம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. என் குரல் எப்போதும் முதல் பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்திருக்கிறது. முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டினார்கள். இரண்டாம் பக்கம் நான்காக மடிக்கப்பட்டு, மேசையின் ஆடும் காலுக்கு அடியில் போனது.

அடுத்து, காலனி உறைமோர் ஊருக்குள் எப்படி வருவது என்று யோசித்தார்கள். வீட்டுக்குள் வந்தால் தீட்டு, கோயில் வழியாக வந்தால் பெரிய தீட்டு, ஆனால் கண்ணாடிக் குழாயில், கையுறை போட்ட கையால், சொட்டு சொட்டாகக் கலந்தால் அது மருந்து என்று முடிவாயிற்று. மருந்தில் என்னென்ன இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்? அமலோற்பவம் தினமும் காலையில் ஒரு கிண்ணம் உறைமோரை ஜன்னலில் வைத்தாள், நான் அதைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி 'மருந்து எண் இரண்டு' என்று தாள் ஒட்டினேன், தொட்டி வரிசையைவிட நீளமான வரிசையில் நின்று ஊர் அதை வாங்கிப்போனது. 'மருந்து எண் ஒன்று' யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

தயிர் உறைந்தது. ஊர் சாப்பிட்டது, ஏப்பம் விட்டது, குறை சொல்லவும் தொடங்கியது. குச்சி அதிகமானால் புளிப்பு ஏறுகிறது, குழாயில் அதைக் கொஞ்சம் குறை என்று என்னிடம் சொன்னார்கள். குருவம்மாள் ஒருநாள் ஜன்னல் பக்கமாகவே வந்து, "ஏ அமலி, நேத்து மருந்து கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு, பாத்துக் கொண்டா" என்றாள். அமலோற்பவம் என் பக்கம் திரும்பினாள். விண்ணப்பத்துக்கு என்ன பதில் என்று என்னிடம் கேட்டாள். பரிசீலனையில் என்று சொன்னேன்.

சித்திரைத் திருவிழா வந்தது. அம்மனுக்குத் தயிர்க்காப்பு, தேருக்கு முன் மோர்ப்பந்தல், அன்னதானம் என்று இருநூறு லிட்டர் தயிர் வேண்டும். இருநூறு லிட்டருக்குச் சொட்டு மருந்து ஆகாது, பானை நிறைய உறைமோர் வேண்டும், அதுவும் தொட்டியிலிருந்த மொத்தப் பாலிலும் ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். தலைவரே ஜன்னலுக்கு வந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறை.

"தர்றேன்" என்றாள் அமலோற்பவம். "முன்வாசல்ல, தொட்டியில, நானே ஊத்துறேன். உறுப்பினர் கார்டு குடுங்க. அம்புட்டுதான்."

"அம்மன் காரியம்மா இது."

"எங்க மாடும் அம்மனுக்குத்தானேய்யா கறக்குது. டவுனுக்குப் போயி எல்லாம் ஒண்ணாத்தானே போகுது?"

தலைவர் யோசித்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி, "சரி. செவ்வாக்கெழம மத்தியானம் பானையோட வா. கார்டு தயாரா இருக்கும்" என்றார்.

அவர் போன பிறகு அமலோற்பவம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "செவ்வாக்கெழம அந்தோணியார் நாளு. கார்டு கைக்கு வந்தா, பால ஊத்திட்டு நேரா குருசடிக்குப் போயி ஒரு மெழுகுவத்தி ஏத்துறதா வேண்டியிருக்கேன் பாப்பா" என்றாள். நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காலை ஒரு வேன் வந்தது. அதிலிருந்து வெள்ளைக் குழாய்கள் இறங்கின. பாலிடெக்னிக் படித்த தலைவரின் மருமகன் டேப் பிடித்து அளந்து, பின்ஜன்னலிலிருந்து தொடங்கி, கட்டடத்தின் மேற்குச் சுவரைச் சுற்றி, மாட்டுக்கொட்டகையின் ஓரமாக வளைத்து, முன்வாசல் தொட்டியின் வாய்க்கு மேலே முடியும்படி அறுபது அடிக் குழாய் போட்டார். ஜன்னலில் ஒரு பெரிய புனல் பொருத்தினார். அந்தப் பக்கம் ஊற்றுகிறவள் ஊற்றுவாள், இந்தப் பக்கம் விழுகிறது விழும், நடுவில் இருப்பது குழாய். குழாய்க்கு ஏது சாதி என்று அவர் சொன்னதை முற்போக்கான பேச்சு என்று பாராட்டினார்கள். தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். மறுமுனையில் தண்ணீர் வந்ததும், அணையைத் திறந்தவர்கள்போல் எல்லாரும் கைதட்டினார்கள். குழாய்க்குக் குங்குமம் வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்வாசலில் ஊரே கூடியிருந்தது. காய்ச்சி ஆற்றி, ஊர் உறையும் ஊற்றிய இருநூறு லிட்டர் பால் தொட்டியில் வெதுவெதுப்பாக இருந்தது. அது இன்னும் ஆறினால் உறை பிடிக்காது என்று நான் சொல்லியிருந்ததால் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். குழாயின் வாய்க்குக் கீழே தலைவரும் மருமகனும் பட்டு வேட்டியோடு நின்றார்கள். பின்பக்க அறையில் நான் மட்டும், கையில் அவளுடைய கார்டோடு.

அமலோற்பவம் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுச்சேலை, தலையில் கனகாம்பரம். முன்வாசலுக்குப் போகும் பாதையில் கயிறு கட்டி அடைத்திருந்ததால் ஜன்னலுக்கு வந்தாள். பானையை இறக்கித் திண்டில் வைத்தாள். நான் கம்பிகளுக்கு நடுவே கார்டை நீட்டினேன். வழவழப்பான கார்டு, அவளுடைய படத்தோடு. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள்.

"பெயர், அமலோற்பவம். உறுப்பினர் எண், நூற்று ஐம்பத்திரண்டு அ." நிறுத்தினாள். "ஊற்றும் இடம், பின்ஜன்னல், அடைப்புக்குள்ள குழாய்வழி." நிமிர்ந்தாள். அப்போதுதான் புனலைப் பார்த்தாள்.

"இதோட மறுமுனை எங்க பாப்பா இருக்கு?"

"தொட்டிக்கு மேல."

"எத்தன அடி?"

"அறுபது."

"நடந்தா?"

இந்த அறையிலிருந்து முன்வாசல் தொட்டிக்கு எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியும், இரண்டு வருடமாக நடக்கிறேன்.

"ஒம்பது எட்டு, அக்கா" என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். முன்பக்கத்திலிருந்து தலைவரின் குரல் குழாய்க்குள் நுழைந்து, அறுபது அடி சுற்றி, புனல் வழியாக வந்தது: "என்ன பாப்பா, வந்துட்டாளா? ஊத்தச் சொல்லு! ஊத்தச் சொல்லு!" அதன் பின்னாலேயே குருவம்மாளின் குரலும் வந்தது: "பாலு ஆறுதுடி!"

வெயில் தலைக்கு நேராக நின்றது. நிழல் எதற்கும் இல்லை.

அமலோற்பவம் கார்டைத் திண்டில் கவிழ்த்து வைத்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அந்தோணியாருக்கு வைத்திருந்த மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்தாள். காற்றுக்குக் கை மறைத்துக் கொளுத்தி, மெழுகு இரண்டு சொட்டு விட்டு, விளக்கு வைப்பதுபோல் புனலின் வாய்க்குள் அதை நேராக நட்டாள். பிறகு பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு காலனிக்கு நடந்தாள்.